ரயில் அட்டவணையில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை ஓட்டும் பையன்கள் வெளிநாட்டுக்காரரிடம் இங்கிலீஷில் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். டென்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். மலைக்குக் கீழே, வத்தலக்குண்டிலும் பழனியிலும் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து பி.காம். சேர்கிற நாங்களோ ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் எல்லாம் தலைகீழாகச் சொல்வோம். இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்!

இது ஏன் என்று யோசித்த ஒருவர் சென்னையில் இருந்தார். பெயர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரி. அப்போது தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது 'ஸ்ட்ரக்சுரல்' முறை. ஒரு வாக்கிய அமைப்பை எடுத்து, அது மனதில் பதியும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிரபுவின் எண்ணம் வேறு. மனசு அர்த்தத்தில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்றார். இதைச் சோதிக்க 1979-ல் பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்தின் ஆதரவோடு ஒரு திட்டம் தொடங்கியது. பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் 1984 வரை நடந்தது.

வகுப்பில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம், இப்படி ஏதாவது ஒன்றை வைத்து ஒரு கணக்கு. நம்ம ஊருக்கு மாற்றிச் சொல்கிறேன். ரயில் கொடைரோட்டுக்குக் காலை 9 மணிக்கு வருகிறது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு 9.20-க்கும் 10.30-க்கும் பஸ். பயணம் மூன்று மணி நேரம். மதியம் 1 மணிக்கு ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்றால் எந்த பஸ்? ரயில் அரை மணி தாமதமானால் போய்ச் சேர முடியுமா? முதலில் இப்படி ஒன்றை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் இங்கிலீஷில் பேசிப் பேசித் தீர்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். பாதிப் பேராவது பாதி விடையைச் சரியாகப் போட்டால் பாடம் வெற்றி.

வகுப்பறையைக் கடையாகவும் ஆபீஸாகவும் பாவித்துப் பேசிப் பழகுவதை சிமுலேஷன் என்பார்கள். பிரபுவின் முறை அதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அவர் மாணவர்களைக் குழுவாகப் பேசவிடவில்லை. ஒருவர் தப்பு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்!

பலன்? அலன் பெரெட்டா, அலன் டேவிஸ் இருவரும் சோதித்து 1985-ல் எழுதினார்கள். இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர்களும், பணி சார்ந்த தேர்வில் திட்ட மாணவர்களும் முந்தினார்கள். பொதுவான தேர்வுகளில் திட்ட மாணவர்கள் கை ஓங்கியிருந்தது. ஆனாலும் அவசரப்பட்டு முடிவு கட்டாமல், தற்காலிக ஆதரவு என்றே சொன்னார்கள். 1987-ல் பிரபுவின் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இன்று உலகெங்கும் 'டாஸ்க்' வழி மொழி கற்பித்தல் என்று பேசும்போது முதலில் சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

நம்ம வகுப்பில் மட்டும் இன்னும் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். காமர்ஸ் மாணவனிடம் ஒரு பில்லைக் கொடுத்து, "இதில் கூட்டல் தப்பு, கம்பெனிக்கு போன் செய்து சொல்லு" என்று ஒரு வருடம் இங்கிலீஷ் நடத்திப் பார்க்கலாமே? செலவு ஒரு ஜெராக்ஸ் தாள்தான்.