கலைந்த கழகமும் கலையாத கிண்ணமும்



சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது; அதை நடத்துவது அரிது; மூடுவதோ எல்லாவற்றிலும் அரிது. தொடக்க விழாவில் மாலையும் சந்தனமும் உண்டு. மூடும் நாளில் பெரும்பாலும் எஞ்சுவது கணக்கு வழக்கும் மனக்கசப்புமே. "மீதிப் பணம் என்னவாயிற்று?" என்ற ஒரு கேள்வி எத்தனையோ இளைஞர் மன்றங்களின் நல்ல பெயரைக் கெடுத்திருக்கிறது. நிலைத்து நின்றவற்றின் வரலாற்றை எழுதுவதுதான் ஜூபிலி மலர்களின் வழக்கம். நான் இங்கே நிலைக்காத ஒரு கழகத்தின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். நம் நாட்டிலேயே, கல்கத்தா நகரில் ஐந்தே ஆண்டுகள் நடந்து கலைந்துபோன ரக்பிக் கழகம் அது.

ரக்பி என்பது திண்டுக்கல் வட்டாரத்தில் பழக்கமில்லாத ஆட்டம். ஆயினும் சடுகுடு ஆடியவர்களுக்கு அதைச் சொன்னால் எளிதில் புரியும். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைக்க வேண்டும். ஓடுபவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழனுக்குத்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் பின்னால் வருபவனை நம்ப வேண்டும் என்பதே இந்த ஆட்டத்தின் அழகு. இங்கிலாந்தின் ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியில் வளர்ந்ததால் அதற்கு இப்பெயர் வந்தது. 1823-ல் அப்பள்ளி மாணவன் வெப் எல்லிஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்ற கதை பின்னாளில் பரவியது. அதற்கு உறுதியான சான்று இல்லை. 1871-ல் ரக்பி கால்பந்து ஒன்றியம் இலண்டனில் அமைக்கப்பட்டது.

மறு ஆண்டே ஆட்டம் கடல் கடந்து வங்கம் வந்து சேர்ந்தது. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று, கல்கத்தாவில் ஆங்கிலேயர் இருபது பேர் ஓரணியாகவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் இருபது பேர் மற்றோர் அணியாகவும் ஆடினர். அக்காலத்தில் அணிக்கு இருபது பேர் ஆடுவதே முறை. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் உருவாயிற்று. 1874-ல் அது இலண்டன் ஒன்றியத்திலும் உறுப்பாகச் சேர்ந்தது. வணிக நிறுவனங்களில் பணியாற்றியவர்களும் படைவீரர்களும் அதன் உறுப்பினர்கள். எவரும் கூலிக்கு ஆடியவரல்லர். எல்லோரும் பொழுதுபோக்காக ஆடியவர்களே.

ஆனால் தொடக்கத்தின் வேகம் நீடிக்கவில்லை. வங்கத்தின் வெப்பமும் புழுக்கமும் அந்த முரட்டு ஆட்டத்துக்கு ஒத்துவரவில்லை. ரக்பியில் ஆர்வம் கொண்டிருந்த படைப்பிரிவு வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. போலோவும் டென்னிசும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கழகத்தில் இலவசமாக ஊற்றப்பட்ட மதுவை நிறுத்தியதும் உறுப்பினர் பலர் நின்றுவிட்டனர் என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பந்துக்காக வந்தவர் யார், பந்திக்காக வந்தவர் யார் என்பது அப்போது தெரிந்திருக்கும்! எப்படியோ, 1877 இறுதியில் களத்தில் இறங்க ஆளில்லை. கழகத்தின் கணக்கிலோ பணம் இருந்தது.

அந்தப் பணத்தை அவர்கள் பங்கிட்டுக் கொண்டிருக்கலாம். பெரிய விருந்தொன்று வைத்து ஒரே இரவில் தீர்த்திருக்கலாம். கேட்பார் யார்? ஆனால் கழகத்தின் தலைவர், செயலர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருவராகவே சுமந்துநின்ற ஜேம்ஸ் ராத்னி என்பவர், 1877 டிசம்பரில் இலண்டன் ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதினார். மீதிப் பணத்தில் ஒரு வெற்றிக் கிண்ணம் செய்து அனுப்புகிறோம். அது இந்த ஆட்டத்துக்கு நிலையான நன்மை தரட்டும் என்பதே அதன் சாரம். ஒன்றியமும் இசைந்தது.

வங்கியிலிருந்த பணம் வெள்ளி ரூபாய்களாகவே எடுக்கப்பட்டது. 270 நாணயங்கள் என்பர். அக்கால ரூபாய் ஒன்று ஒரு தோலா எடை. ஆகவே மொத்தம் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். அதை உருக்கி, இந்தியக் கைத்திறனில் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரக் கிண்ணம் ஒன்று செய்யப்பட்டது. அதற்குக் கைப்பிடிகள் மூன்று. மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் உச்சியில் ஒரு யானை. பூட்டுத் தொழிலால் பெயர் பெற்ற நம் ஊராருக்குக் கைவேலையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்ந்த நாட்டின் முத்திரையைத் தாங்கியே அக்கிண்ணம் கடல் கடந்தது.

1879 மார்ச் 10-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதன்முறையாக அதற்காக மோதின. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து வென்றது. போர்க்காலம் போன்ற சில இடைவெளிகள் நீங்கலாக, அந்த இரு நாடுகளும் இன்றுவரை ஆண்டுதோறும் 'கல்கத்தா கிண்ண'த்துக்காகவே ஆடுகின்றன. 1988-ல் ஆட்டம் முடிந்த இரவில், இரு அணிகளின் வீரர்கள் சிலர் களிவெறியில் அதைத் தெருவில் உருட்டி நசுக்கியதும், அதற்காகத் தண்டனை பெற்றதும் வருந்தத்தக்க செய்தி. ஈட்டியவர் ஒருவர், காக்க வேண்டியவர் வேறொருவர் என்னும்போது இப்படி நேர்வதுண்டு.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அந்தக் கழகம் வெள்ளையருக்கானது; வெள்ளி இந்திய மண்ணில் ஈட்டியது, ஆட்டமோ இந்தியருக்கு எட்டாதது. கூலி வாங்காமல் ஆடுவது உயர்ந்த கொள்கைதான். ஆயினும் அது வசதி படைத்தவருக்கே எளிது. இங்கிலாந்தின் வட பகுதியில், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்த நாளின் கூலியையாவது ஈடுசெய்யுங்கள் என்று கேட்டார்கள்; மறுக்கப்பட்டது. 1895-ல் அந்தக் கழகங்கள் பிரிந்து தனி ஒன்றியம் கண்டன. பழைய ஒன்றியத்தின் ஆட்டத்தில் ஊதியத் தடை நீங்க, சரியாக நூறு ஆண்டுகள், 1995 வரை ஆயிற்று. ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் வட்டாரத்தில், ஒரு நாள் கூலியை இழப்பதன் வலி எல்லாருக்கும் தெரியும்.

கல்கத்தாக் கழகம் 1884-ல் மீண்டும் உயிர் பெற்றது. 1965-ல், 1792-ல் தோன்றிய கல்கத்தா கிரிக்கெட் கழகத்துடன் இணைந்து இன்றும் நடக்கிறது. நம் சென்னையிலும், 1884-ல் தோன்றிய ஜிம்கானா கழகம் இந்த ஆட்டத்தை வளர்த்தது. 1998-ல் இந்திய அணி முதன்முறையாகப் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது. 2004-ல், பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் தூதரக அலுவலர் கல்கத்தாவில் 'ஜங்கிள் க்ரோஸ்' எனும் அணியைத் தொடங்கினார். காட்டுக் காகங்கள் என்பது அப்பெயரின் பொருள். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதில் சேர்ந்து ஆடினார்கள். 2019-ல் இந்தியப் பெண்கள் அணி, மணிலாவில் சிங்கப்பூரை 21-க்கு 19 என வென்று, பதினைவர் ஆட்டத்தில் தன் முதல் வெற்றியைக் கண்டது. ஒருகாலத்தில் நம்மவர் வேலிக்கு வெளியே நின்ற ஆட்டத்தில், இன்று நம் பெண்மக்களே களத்தின் நடுவில் நிற்கிறார்கள்.

பங்கின் இளைஞர்களே! நீங்கள் கால்பந்துக் குழு அமைக்கலாம். கபடி அணி அமைக்கலாம். நாடக மன்றமும் அமைக்கலாம். எல்லாமே நீடித்து நிற்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. படிப்பும் பிழைப்பும் உங்களைக் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிரித்துக் கொண்டுபோகலாம். அமைப்பு கலைவது குற்றமாகாது. கணக்கு கலைவதுதான் குற்றம். கடைசி ரூபாய் வரை எழுதிக் காட்டி, எஞ்சியதை அடுத்து ஆடவரும் பிள்ளைகளுக்கு ஒரு பந்தாகவோ வலையாகவோ விட்டுச் செல்லுங்கள். அந்தப் பந்தை எடுத்து ஆடுகிறவன், உங்கள் பெயர் தெரியாமலே உங்களுக்கு நன்றி கூறுவான்.