செந்நாய் விட்டுச்சென்ற பங்கு

கோபியிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகரைத் தாண்டியதும் பச்சை நின்றுபோகும். தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பாயும் நெல்வயல்கள், தென்னை, கரும்பு எல்லாம் பின்தங்க, முள்ளும் கள்ளியும் செம்மண்ணுமாக வேறொரு நிலம் தொடங்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் மருதத்திலிருந்து பாலைக்குள் நுழைந்துவிடலாம். திணைகளைக் கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்துகிற என் போன்றவர்களுக்கு இந்தப் பயணம் ஒரு நல்ல தண்டனை.

சில ஆண்டுகளுக்கு முன்பு வனவிலங்குக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களாகச் சேர்ந்த மாணவர் சிலரோடு விளாமுண்டிக் காட்டில் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. முன்னால் இருளர் இனத்தைச் சேர்ந்த காவலர் ஒருவர், அவர் பின்னே நாங்கள். விடிந்து அரைமணி ஆகியிருக்கும். வறண்ட ஓடை ஒன்றின் வளைவில் திரும்பியபோது முப்பதடி தூரத்தில் ஐந்து விலங்குகள் நின்றிருந்தன. செங்கல் நிற உடல், வட்டமான காது, நுனி கறுத்த அடர்ந்த வால். ஒன்றின் முகவாய் ஈரமாகச் சிவந்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு மாணவன், "ஐயா, ஓநாய்!" என்றான். அவன் குரலில் இருந்தது அச்சம்தான்.

காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓநாயி இல்லீங் தம்பி, செந்நாயிங்க. அசையாம நில்லுங்க, அது பாட்டுக்குப் போயிரும்" என்றார்.

போயிற்று. ஒன்று மட்டும் சற்று நேரம் நின்று எங்களைப் பார்த்தது. எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை கேட்டது. மனிதன்தான் அடிக்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஓடையில் எதுவுமில்லை.

அன்று முதல் அந்தப் பெயர்க் குழப்பம் என்னை விடவில்லை. மாணவனைக் குறை சொல்ல முடியாது. ஓநாய் நமக்குக் கதைகளின் விலங்கு. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் விவிலிய மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழில் பழமொழியாகவே ஆகிவிட்டது. பெயர்களின் நிலைமையோ இன்னும் சிக்கலானது. மலையாளத்தில் 'சென்னாய' என்றால் ஓநாய். அதே சொல்லின் உடன்பிறப்பான கன்னடத்துக் 'கென்னாயி' நம் செந்நாயைத்தான் குறிக்கும். 'சீளுநாயி' என்றும் சொல்வார்கள். அங்கே ஓநாய்க்குப் பெயர் 'தோள'. தாளவாடி மலையில் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்களிடம் இந்த விலங்குகளைப் பற்றி விசாரிக்கும்போது எந்தப் பெயரில் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அறிவியலில் குழப்பம் இல்லை. ஓநாய் நம் வீட்டு நாயின் நெருங்கிய உறவு, அதோடு கலந்து குட்டி போடக்கூடியது. வெட்டவெளியின் விலங்கு. செந்நாய் தனிப் பேரினம். நாய்க்கும் ஓநாய்க்கும் 42 பற்கள் என்றால் இதற்கு 40. குரைப்பதில்லை, சீழ்க்கையடித்துக் கூட்டத்தைச் சேர்க்கும். தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1831இல் இரண்டையும் ஒரே பட்டியலில் விவரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே செந்நாயைத் தனியாக அறிந்து, பெயரிட்டு, அதன் குடும்ப வாழ்க்கை வரைக்கும் கவனித்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். நாம்தான் அவர்களைச் சரியாகப் படிக்கவில்லை என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஐங்குறுநூற்றின் 323ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கள்ளி மண்டிய கடத்தில் ஓர் ஆண் செந்நாய் பன்றிக்காகக் காத்திருக்கிறது. பசி அதனுடையது மட்டுமல்ல. சூல் வேட்கையுற்றிருக்கும் தன் துணைக்காக அது காத்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக நான் இதை 'இறைச்சிப்பொருள்' என்று சொல்லித்தான் நடத்தி வந்தேன். விலங்கின் அன்பைக் கண்டு தலைவன் தலைவியை நினைக்கிறான் என்று எழுதிப் போட்டுவிட்டால் தேர்வுக்குப் போதும். அந்தச் செந்நாய் உவமைக்காக உருவாக்கப்பட்டது என்றே எண்ணியிருந்தேன். காட்டு ஆய்வுகளைப் படித்தபோதுதான் உறைத்தது. செந்நாய்க் கூட்டத்தில் ஈன்ற தாய்க்கும் குட்டிகளுக்கும் மற்றவை இரை கொண்டுவந்து கக்கிக் கொடுக்கின்றன. எல்லா விலங்கும் இப்படிச் செய்வதில்லை. ஆண்புலி செய்யாது. புலவர் எந்த விலங்கை வேண்டுமானாலும் அங்கே வைத்திருக்கலாம். சரியான விலங்கை வைத்திருக்கிறார்.

நற்றிணையின் 43ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோடையின் கொடும் வெயிலில் பசித்த செந்நாய் ஒரு மரையைக் கொன்று தின்றுவிட்டு எஞ்சியதை விட்டுப் போகிறது. அந்த எச்சம், அவ்வழியே தொலைதூரம் செல்கிறவர்களுக்கு உணவாகிறது. வழியின் கொடுமையைச் சொல்லித் தலைவனின் பயணத்தைத் தடுப்பதற்கான செய்தி என்றுதான் நாம் இதை விளக்குவோம். கொடுமைதான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமையில் செந்நாய் எதிரியாக இல்லை. வழிப்போக்கனை அது துரத்தவில்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறது.

இதைக் கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. நீலகிரிச் சரிவுகளில் வாழும் குறும்பர்கள் செந்நாய் வீழ்த்திய மானில் தமக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டதை இருபதாம் நூற்றாண்டின் இயற்கையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதர் நெருங்கினால் செந்நாய்கள் பெரும்பாலும் எதிர்த்து நிற்பதில்லை, விலகிக்கொள்கின்றன. இறைச்சியை வெட்டியெடுத்துக்கொண்டு மனிதர் போனபின் மீண்டும் வருகின்றன. இந்தப் பங்குக்காகவே செந்நாய்க் கூட்டம் அருகில் இருப்பதைச் சில ஊர்களில் வரவேற்றிருக்கிறார்கள். நற்றிணை வழிப்போக்கனுக்கும் இந்தக் குறும்பருக்கும் இடையே எத்தனை அரசுகள் வந்து போயின! செந்நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான இந்த உடன்பாடு மட்டும் எழுதப்படாமலே நீடித்திருக்கிறது.

முறித்தது வெள்ளைக்காரர்களின் துப்பாக்கி. இதைச் சொல்லும்போது நிதானம் தேவை; காலனிய ஆட்சிக்கு முன் நம் நாட்டில் வேட்டையே இல்லாதது போலப் பேசுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது, அது உண்மையல்ல. ஆனால் ஓர் உயிரினத்தையே குற்றவாளி என்று அறிவித்துத் தலைக்கு விலை வைத்து அழிப்பது புதியது. இங்கிலாந்து தன் ஓநாய்களைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒழித்துக்கட்டிய நாடு. அந்தக் கணக்கேடு இங்கும் திறக்கப்பட்டது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுத்தைகளும் இரண்டு லட்சம் ஓநாய்களும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் எழுதுகிறார். புலியைச் சுட்டவர்களுக்குப் புகைப்படமும் பெருமையும் கிடைத்தன. ஓநாயைக் கொன்றவனுக்குச் சில ரூபாய் கிடைத்தது, அவ்வளவுதான்.

செந்நாயின் கதை அதைவிட மோசம். ஓநாய்மீதான குற்றச்சாட்டில் ஆடும் குழந்தையும் இருந்தன. செந்நாய் மனிதரைத் தாக்கியதாக நம்பத்தக்க செய்தி மிக மிக அரிது. அதன் குற்றம், துரைகள் சுட வேண்டிய மானைத் தான் தின்றது. அதிலும் கழுத்தைக் கவ்விச் சட்டென்று கொல்லாமல், நிற்கும்போதே கிழித்துத் தின்றது. கனவான் வேட்டைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. தோட்டாவும் நஞ்சும் சன்மானமும் சேர்ந்து பல இடங்களில் அதைத் துடைத்தெடுத்தன. இலக்கியமும் கை கொடுத்தது. 1895இல் வெளிவந்த கிப்ளிங்கின் இரண்டாம் காட்டுப் புத்தகத்தில், மௌக்ளியை வளர்த்த கண்ணியமான ஓநாய்க் குடும்பத்தின் மீது படையெடுத்து வரும் வெறிக்கூட்டம் தக்காணத்துச் செந்நாய்கள்தாம். ஓநாய்க்காவது கிப்ளிங் கிடைத்தார். செந்நாய்க்கு அவரும் இல்லை.

இந்த நிலை மாறியதில் நம் பக்கத்தவர்களின் பங்கு கணிசமானது. போதுமான அளவுக்கு அது தமிழில் எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம். நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. டேவிதார் வேட்டையிலிருந்து காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு வந்தவர். மசினகுடி அருகே சீகூர்க் காட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, செந்நாய்களின் ஈற்று வளைகளுக்கு அருகே பொறுமையாக உட்கார்ந்து கண்டதை எல்லாம் 1970களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். அதே வட்டாரத்தில் செந்நாய்களைப் பார்க்க வந்த மைக்கேல் ஃபாக்ஸ் தன் நூலுக்குச் 'சீழ்க்கையடிக்கும் வேட்டைக்காரர்கள்' என்று பொருள்படப் பெயர் வைத்தார். அது 1984இல் வெளிவந்தது.

ஆனால் என் மனம் தங்கி நிற்பது ஏ.ஜே.டி. ஜான்சிங்கிடம். நாங்குநேரிக்காரர். சிவகாசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நம்மைப் போலவே வகுப்பு, விடைத்தாள், சம்பளம் என்று காலம் தள்ளியிருக்கலாம். ஜிம் கார்பெட்டைச் சிறுவயதில் படித்த பித்து விடவில்லை. 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். யானையும் புலியும் உள்ள காட்டில், பெரும்பாலும் கால்நடையாக. கழுத்துப்பட்டைக் கருவி எதுவும் இல்லை. காகம் எங்கே கத்துகிறது, புள்ளிமான் எங்கே எச்சரிக்கிறது என்று கேட்டுக் கேட்டு நடந்து கூட்டத்தைக் கண்டடைந்தார். கட்டற்றுத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை இந்தியர் ஒருவர் முறையாக ஆராய்ந்ததில் முன்னோடி முயற்சி அது. செந்நாய்கள் பெரும்பாலும் உண்பது புள்ளிமானை, கூட்டம் சராசரியாக எட்டு உறுப்பினர் கொண்டது, அது மானினத்தை அழித்துவிடவில்லை என்பதெல்லாம் கண்ணால் கண்ட சான்றோடு நிலைபெற்றன. பிறகு இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கி, 2024 ஜூனில் பெங்களூருவில் காலமானார். அவருடைய கட்டுரைகளை வாசிக்கும்போது ஐங்குறுநூற்றுப் புலவரும் இப்படித்தான் எங்கோ ஓடைக்கரையில் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. இது என் ஊகம் மட்டுமே.

சட்டம் 1972இல் வந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயையும் செந்நாயையும் கொல்வதைக் குற்றமாக்கியது. ஆனால் எங்கள் பக்கத்துக் காடு அதற்குப் பின்னும் வேறு காரணத்தால் மூடிக்கிடந்தது. என் தலைமுறைக்குச் சத்தியமங்கலம் காடு என்றால் வீரப்பன், அதிரடிப்படை, சோதனைச்சாவடி. பந்திப்பூர்ப் பகுதியில் செந்நாய்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த கிருபாகர், சேனானி என்ற இரு கன்னட ஒளிப்படக் கலைஞர்களை வீரப்பன் 1997இல் கடத்திச் சென்றதும் நடந்தது. மீண்டு வந்தவர்கள் செந்நாய்களிடமே திரும்பிப் போய் உலகம் பார்த்த படங்களை எடுத்தார்கள். 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டபின், 2008இல் இந்தக் காடு சரணாலயமானது, 2013இல் புலிகள் காப்பகமானது.

காடு காப்பாற்றப்பட்டது, உடன்பாடு திரும்பியதா? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் நிறுத்தியது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் செம்மறைப் புள்ளி மாடுகளைக் காட்டுப்பட்டியில் வைத்து வளர்க்கிறவர்கள் இதை எதிர்த்தார்கள். மாடுகள் மானின் புல்லைத் தின்னும், நோயைக் கொண்டு வரும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. கன்றை இழந்தவன் செத்த உடலில் நஞ்சு வைத்தால் செந்நாயோடு மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கழுகுகளும் சாகும் என்பதும் உண்மை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கன்றையும் இழந்து, அந்த விலங்கோடு வாழவும் செய்தவர்களை முதலில் வெளியேற்றிவிட்டு இசைவாழ்வு பற்றிப் பேசுவது எனக்கு நெருடுகிறது.

கீழே சமவெளியில் நடப்பது இன்னும் விசித்திரம். 2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்துப் பட்டிகளில் ஆடுகள் கூட்டம் கூட்டமாகக் கடிபட்டுச் செத்தன. உழவர்கள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். கிளுவை வேலி தாண்டி வந்தவை ஓநாய்களல்ல, தெருநாய்கள். இந்தியா முழுவதும் ஓநாய்கள் மூவாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும் என்கிறது 2022இல் வெளிவந்த ஆய்வு. செந்நாய் இன்னும் அரிது. 2015 மதிப்பீட்டில் உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் இருந்தவை 949 முதல் 2,215 வரை. நாம் சோறு போட்டுத் தெருவில் விட்ட நாய், ஓநாயின் வேலையையும் எடுத்துக்கொண்டது. காட்டோரம் போகும்போது தன் நோயையும் செந்நாய்க்குக் கொடுத்துவிட்டு வருகிறது.

அன்று ஓடை வளைவைத் தாண்டி நூறடி நடந்ததும் செந்நாய்கள் விட்டுப்போன புள்ளிமான் கிடந்தது. வயிறும் ஒரு பக்கத் தொடையும் இல்லை. மற்றொரு தொடை முழுதாக இருந்தது. ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காவலர் குனிந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்: புள்ளிமான், பெண், செந்நாய் கொன்றது, நேரம் இன்னது.

"இதையெல்லாம் முன்னே எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாணவர்கள் முன்னே போகட்டும் என்று நின்றார். "எங்க தாத்தன் காலத்துல எடுப்பாங்களாமுங்க. ஒரு தொடைய மட்டும். மிச்சத்த அதுக்கே உட்டுருவாங்களாமா, அதுகளும் குட்டி வெச்சிருக்கும்ல" என்றார். "இப்பத் தொட்டாக் கேசுங் சார். கெடக்கறது கவருமெண்டு மானு."

சட்டப்படி அவர் சொன்னது சரி. இறந்து கிடக்கும் காட்டுயிர் அரசின் உடைமை. நற்றிணையின் வழிப்போக்கன் இன்று அந்த ஓடையில் வந்தால் அவன்மீது வழக்குப் பதிவாகும். நாங்கள் மேலே நடந்தோம். சற்று நேரத்தில் பின்னாலிருந்து அந்தச் சீழ்க்கை மறுபடியும் கேட்டது.