புள்ளியும் கம்பியும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்நிறுவனம் 2006இல் கொண்டுவந்த ‘கிரியேட்டர்’ மென்பொருளில், வேண்டிய பகுதிகளைச் சுட்டியால் இழுத்து வைத்தே ஒரு செயலியின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். பெட்டிகளை அடுக்கியும் கோடுகளால் இணைத்தும் நிரலாக்கம் செய்யும் கருவிகள் இன்று ஏராளம். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்க்ராட்ச்சும் இந்த வகைதான். இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நிரல் தெரியாதவர்களும் செய்யலாம்’ என்கிறார்கள். அப்படியானால் படமாகச் செய்தது நிரல் இல்லையா?

1945இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை இயக்க ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். எழுதுவதற்கு நிரல்மொழி ஏதும் அப்போது இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் படித்து, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குக் கம்பிவடம் போகவேண்டும் என்று தீர்மானித்து, செருகி, விசைகளைத் திருப்பினார்கள். இன்று திரையில் கோடு இழுப்பதை அன்று கைநோகச் செய்தார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக் உலகத்துக்குக் காட்டப்பட்டபோது புகழ் பொறியாளர்களுக்குப் போனது. வடம் செருகியது வெறும் கைவேலையாகப் பார்க்கப்பட்டது.

நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கணிதவியலாளர் ராணி சிரோமணி, அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பதுபோல, கிடையாகவும் நெடுக்காகவும் விரியும் படத்துக்கும் விதிகளை எழுதலாம். சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை அவ்விதிகளே வளர்த்தெடுக்கும் என்று காட்டினார்கள். பின்னாளில் சிரோமணி தம்பதியர் கம்பிக் கோலத்தைக் கையின் அசைவுகளாகவும் பிரித்துப் பார்த்தார்கள்: நேரே போ, வளை, புள்ளியைச் சுற்று. இதே முறையில் ‘முன்னே போ, திரும்பு’ என்று ஆமையை நடத்திப் படம் வரையவைக்கும் லோகோ மொழி 1967இல் அமெரிக்காவில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சிந்தியா சாலமன். ஆனால் லோகோ என்றால் எல்லாரும் சேமூர் பாப்பர்ட் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

‘கோலமே முதல் கணினி’ என்று வாட்ஸப்பில் சுற்றும் பெருமிதம் எனக்கு ஒவ்வாது. கோலம் எந்த இயந்திரத்தையும் ஓட்டுவதில்லை. ஆனால் தென்காசித் தெருவில் மார்கழி விடியலில் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவள், கம்பி தொடங்கிய இடத்துக்கே திரும்புமா என்பதை மனதில் ஓட்டிப் பார்த்தபடிதான் போடுகிறாள். அதைக் ‘கைப்பழக்கம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கடன் கணக்கை இழுத்து வைக்கும் பெட்டிகளால் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பாதித் தவணை கட்டினால் என்ன ஆகும்? ஒருத்தி குழுவை விட்டு விலகினால்? கடன் வாங்கியவள் இறந்துபோனால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை வேண்டும். எந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்பது சுட்டிக்குத் தெரியாது. குழுவின் நோட்டை இத்தனை வருடம் எழுதியவளுக்குத் தெரியும்.