கொத்து அரிசியும் ஒரு பதவி துறப்பும்

இன்றைய பசியைப் பார்ப்பதா, நாளைய வங்குரோத்தைத் தடுப்பதா என்ற கேள்வியைச் சுதந்திர இலங்கை 1953 இல் எதிர்கொண்டது. கொரிய யுத்தம் தந்த இறப்பர் விலையேற்றம் ஓய்ந்து, அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த காலம் அது. மானியத்தில் கரையும் பணத்தை அபிவிருத்திக்குத் திருப்ப வேண்டும் என்று கருதிய நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்தன, பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது.

கணக்கில் பிழையில்லை. ஆனால், 25 சத அரிசியைக் காப்பதாகக் கூறி 1952 இல் வாக்குப் பெற்ற கட்சியல்லவா அது! எதிர்காலத்துக்கான விலையைப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவிலிருந்து அறவிடத் தொடங்கியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவல காலத்தில் அரிசி விலை குறைக்கப்பட்டது.

ஜெயவர்தன பாடத்தை மறக்கவில்லை. ஆட்சித் தலைமைக்கு வந்ததும், பங்கீட்டை முதலில் குறைந்த வருமானத்தோருக்கு மட்டுப்படுத்தினார். 1979 இல் அதனை உணவு முத்திரைகளாக மாற்றினார். முத்திரையின் பெறுமதியோ விலைவாசியுடன் உயரவில்லை, ஓசையின்றித் தேய்ந்தது. வாழ்க்கைச் செலவுக்கு ஈடாகச் சம்பள உயர்வு கேட்டு 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தோரில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். அரசாங்கம் அசையவில்லை.