குழந்தைப் பாடல்களிற் கனவும் அச்சமும்

குழந்தையை உறங்கச் செய்யும் பாடல்கள் மிகப் பழையன. ஆயின், உறங்கிய குழந்தை கனவில் யாது காண்கின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்பவை பாடற்பொருளானமை பிற்காலத்ததே. ஆங்கில இலக்கிய வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும்.

1715 ஆம் ஆண்டில் ஐசக் வாற்ஸ் என்னும் சமய போதகர் சிறுவர்க்கெனத் தெய்விகப் பாடல்களை வெளியிட்டார். 1865 இல் லூயிஸ் கரோல் அவற்றை நகைச்சுவைபட மாற்றிப் பாடுமளவிற்கு அவை சிறுவர் நாவிற் பயின்றிருந்தன. அவற்றில் இரவு இறைவன் காவலை நினைவூட்டும் பொழுதாகும். 1789 இல் வில்லியம் பிளேக் இயற்றிய கனவுப் பாடலொன்றில், வழிதவறிய தாயெறும்பு தன் பிள்ளைகளை எண்ணிப் புலம்ப, மின்மினிப் புழு ஒளிகாட்டி உதவுகின்றது. இங்கே கனவு பாடற்பொருளாயிற்று. எனினும் துயரம் விரைவில் ஆறுதலாகி விடுகின்றது.

அச்சத்தையே கருவியாகக் கொண்ட பாடல்களும் எழுந்தன. பிராங்போட் நகர மருத்துவர் ஹைன்றிக் ஹொவ்மன் தம் மகனுக்காக எழுதி 1845 இல் வெளியிட்ட படநூலில், விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்களைத் தையற்காரன் கத்தரித்து விடுகின்றான். அந்நூல் ஆங்கிலத்திலும் பரவியது.

இத்தகையவற்றை விலக்கிவிட்டாற் குழந்தை அஞ்சாது உறங்குமோ? இவ்வினாவுக்குச் சாள்ஸ் லாம் 1821 இலேயே ஒரு கட்டுரையில் விடை கூறியிருந்தார். விவிலிய வரலாற்று நூலொன்றிற் கண்ட சூனியக்காரியின் படம் நான்கு வயது முதல் ஏழெட்டு வயது வரை இரவுகளிற் றம்மை வருத்தியதை அவர் விவரிக்கின்றார். ஆயினும், பேய்க்கதை கேளாது வளர்க்கப்பட்ட நண்பரின் மகனும் அவ்வாறே அஞ்சியதை எடுத்துக்காட்டி, நூலும் படமும் அச்சத்தை வழிப்படுத்துமேயன்றி உண்டாக்கா என முடிவுசெய்தார்.

லாம் உரைநடையிற் கண்டதைப் பாடலாக்கியவர் றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன். 1850 இல் எடின்பரோவிற் பிறந்த அவர், நோயுற்ற குழந்தையாய், செவிலி அலிசன் கனிங்கம் கூறிய சமயக் கதைகளைக் கேட்டும் தீக்கனாக் கண்டும் வளர்ந்தார். 1885 இல் வெளிவந்த அவரது குழந்தைக் கவிதை நூல் அச்செவிலிக்கே அன்புடன் உரிமையாக்கப்பட்டது. அதிலுள்ள பாடலொன்றிற் குழந்தை இரவுதோறும் தன்னந்தனியே துயில்நாடு செல்கின்றது. ஆங்கே புதுமையும் உண்டு. அச்சந்தரும் காட்சியும் உண்டு. செய்வது யாதெனக் கூறுவார் இலர். மற்றொரு பாடலிற் படுக்கைக்குச் செல்லுஞ் சிறுவன் நிழல்களைக் கண்டு நெஞ்சு படபடக்கின்றான். இவற்றில் அறிவுரை இல்லை. அச்சம் பொய்யென மறுக்கும் முதியோரும் இல்லை. குழந்தையின் தனிமை அதன் வாய்மொழியாகவே வெளிப்படுகின்றது. இதுவே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம்.

1976 இல் அமெரிக்கக் கவிஞர் ஜாக் பிரெலுட்ஸ்கி தீக்கனாக்கள் என்னும் பெயராலேயே சிறுவர் பாடல் நூலொன்றை வெளியிட்டார். பேயும் பூதமும் அங்கே ஓசையின்பத்தோடு கூடிய விளையாட்டாயின.

கூறாது மறைப்பதால் அச்சம் அகல்வதில்லை. அது பாடலாகும்போது, அஞ்சுவோன் தான் ஒருவனே அல்லன் எனக் குழந்தை அறிகின்றது. சிறுவர்க்குப் பாடல் தெரிந்தெடுப்போர் இதனை மறத்தலாகாது.