ஒரு கல்லில் இரு காலங்கள்

1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிமவியலறிஞர் ஆக்செல் பிரெட்ரிக் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் சுடரில் காட்டியபோது அது நுரைத்துப் பொங்கியது. கொதித்தலையும் கல்லையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு 'ஜியோலைட்' எனப் பெயரிட்டார். கனிமத்தின் நுண்துளைகளில் அடைபட்டிருந்த நீரே அந்தப் பொங்குதலுக்குக் காரணம். (தக்காண எரிமலைப் பாறைகளுக்கு வழங்கும் 'டிராப்' என்ற பெயரும் படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லிலிருந்து வந்ததே. நம் பீடபூமியைப் பற்றிப் பேச இரு சொற்களையும் அங்கிருந்தே பெற்றிருக்கிறோம்!)

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவியது. இரு பெருக்குகளுக்கு இடைப்பட்ட அமைதிக் காலங்களில் குளங்கள் தேங்கின, மரங்கள் வளர்ந்தன. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலுள்ள மோகாவ் கலான் அத்தகைய இடைப்படிவுகளுக்குப் பெயர்பெற்ற ஊர். சிலிக்கா ஊறிய அவ்வூர்க் கற்களிலிருந்து பீர்பல் சாஹ்னி 1943இல் விவரித்த கனிக்கு 'எனிக்மோகார்ப்பான்', அதாவது புதிர்க்கனி, என்று பெயர். இப்படிவுகளின் தாவரங்களைக் கொண்டே, தக்காண எரிமலைகள் கிரட்டேசியஸ் காலத்தவை அல்ல, மூன்றாம் ஊழியின் தொடக்கத்தவை என அவர் 1930களில் வாதிட்டார். பிற்காலக் கதிரியக்கக் கணிப்புகள் எரிமலைச் செயற்பாட்டை இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையின் இருபுறத்திலும் நிறுத்தின.

தாவரவியலாளர் கல்லான திசுவையே நோக்கினர். கனிமவியலாளரோ புணே, நாசிக் பகுதிப் பாறைக் குழிகளில் மின்னும் ஸ்டில்பைட், ஹியூலண்டைட் படிகங்களை நாடினர். இந்தப் பிரிவினை எனக்கு உறுத்தலாகவே உள்ளது. மரத்தைக் கல்லாக்குவதும் குழியில் படிகம் வளர்ப்பதும் பாறைவழி ஊடுருவும் நீர்தான். கரைந்த சிலிக்கா முதலில் செல்சுவரில் ஊறி அதன் வடிவத்தைக் காக்கிறது. எரிமலைக் கண்ணாடி சிதைந்து நீர் காரத்தன்மை பெற்று, அதில் அலுமினியமும் சேர்ந்தால், எஞ்சிய செல்லறைகளிலும் வெடிப்புகளிலும் ஜியோலைட் படியக்கூடும். எரிமலைச் சாம்பலில் புதைந்த மரங்களில் கிளினாப்டிலோலைட்டும் மோர்டனைட்டும் கிடைத்திருப்பது இதனால்தான்.

இங்கே காலச்சிக்கல் எழுகிறது. தக்காணக் குழிகளில் ஜியோலைட்டுகளோடு சேர்ந்து கிடைக்கும் அபோபிலைட்டை ருபிடியம்–ஸ்ட்ரான்ஷியம் முறையில் கணித்தபோது, எரிமலை அடங்கிப் பல மில்லியன் ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்படிகங்கள் உருவானது தெரியவந்தது. அவ்வாறெனில், ஒரு கல்மரத்தின் செல்லறையில் காணும் ஜியோலைட் அம்மரம் வாழ்ந்த காலத்துக்குச் சான்றாகாது. புதைந்த பின் பாறைக்குள் ஓடிய நீரின் வரலாற்றுக்கே சான்று. மெல்லிய வெட்டுத்துண்டின் சீட்டில் இனப்பெயரும் படிவின் பெயரும் மட்டும் இருந்தால் அந்த இரண்டாம் வரலாறு பதிவாவதில்லை. செல்லறையை நிரப்பிய கனிமம் எது, எந்த வரிசையில் படிந்தது என்பதும் அச்சீட்டில் இடம்பெற வேண்டும்.