குருதியும் பயிற்சியும்

ஒரு மக்கட் கூட்டத்தின் நாகரிகம் ஓங்குதற்கும் ஒடுங்குதற்கும் காரணம் குருதியோ, பயிற்சியோ என அறிஞர் வினவுவர். இவ்வினாவிற்கு விடை காண உரோமாபுரி வரலாற்றைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலே சான்று பகரும்.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1848-இல் அவர்தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்கட்கு ஆள் வேண்டப்பட்டது. தமிழர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாய்ப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறி, இரீயூனியன், மார்த்தினீக்கு, குவாதலூப்பு என்னுந் தீவுகட்குச் சென்றனர்.

நெடுங்கடலையும் நோயையும் கொடிய உழைப்பையும் தாங்கி நின்றது அவர்தம் உடல்வலி. அவர் வழித்தோன்றல்கள் இன்றும் ஆங்கு உளர். குருதி வழி அறவில்லை. ஆயினும் தமிழ் வீட்டுப் பேச்சினின்று மறைந்தது. கிரியோலும் பிரெஞ்சுமே வாய்மொழியாயின. பிறப்பு ஒன்றே மொழியைக் காக்குமாயின் இஃது எங்ஙனம் நிகழும்? மற்று, இரீயூனியனில் மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் காவடியும் ஒழிந்தில. ஆண்டுதோறும் கூடிச் செய்யப்பட்டது நிலைத்தது. நாடோறும் பேசப்படாதது அழிந்தது.

ஆகவே, உடல் பெற்றோரால் வருவது. பண்பு கற்பித்தலால் வருவது. பின்னது ஒரு தலைமுறை தவறினும் அறும். ஆனித் திங்களில் காரைக்காலம்மையார் விழாவில் மாங்கனி எறிதலைக் காணும் குழந்தை, அதன் பொருளைத் தன் குருதியிற் கேட்டறியாது. அருகிருக்கும் பாட்டி சொல்லக் கேட்டே அறியும். அப்பாட்டியின் சொல் ஓயாதிருக்குமளவே நம் நாகரிகமும் ஓயாதிருக்கும்.